கிழக்குத் திரை

பெங்களூரு
ஜூன் 6, 2025

மதினிக்கு,

பெட்டியைத் திறந்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட வேண்டாம். உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. ஈஸ்டருக்கு நான் வந்தபோது உங்கள் பசுமைக்குடிலைச் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் ‘சூளை’ என்றேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு அண்ணன் பேசும்போது பின்னால் பாத்திரம் உருளும் சத்தத்தில்தான் நீங்கள் வீட்டில் இருப்பது எனக்குத் தெரிகிறது.

பெட்டியில் இருப்பது எங்கள் கம்பெனி செய்த கருவி. துணி காயப்போடும் கிளிப் மாதிரி இலையைக் கவ்விக்கொள்ளும். கவ்விய இடத்துக்குள் போகும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு, வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கும். குறைந்தது எல்லாம் இலை தின்றது. ஒளிச்சேர்க்கை என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்தோமே, அது இந்த நிமிஷம் என்ன வேகத்தில் நடக்கிறது என்பதை எண்ணாகவே காட்டிவிடும். பெட்டியின் சின்னத் திரையில் நீங்களும் பார்க்கலாம். உள்ளே சிம் கார்டு இருப்பதால் அதே எண்கள் தானாக என் கம்ப்யூட்டருக்கும் வந்துவிடும்.

இதுவரை இதை ஊட்டிப் பக்கத்துக் குளிர்க் குடில்களில்தான் வைத்துப் பார்த்திருக்கிறோம். வெயிலும் காற்றும் உள்ள ஊரில் தாக்குப்பிடிக்குமா என்று என் மேலதிகாரி அபிதா மேடம் கேட்கிறார். இந்தப் பருவத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நான் ராப்பகலாக உழைத்துச் செய்தது. எனக்கு ஒரு சூடான குடில் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சூடான குடில் உங்களுடையது.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் இருவர் பேரிலும் உள்ள நிலத்தைக் கல்யாண மண்டபம் கட்டக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே எண்ணம்தான். ஆனால் இந்த வெள்ளரிப் போகம் முடியும்வரை குடில் உங்கள் கையில் இருக்கிறது. அதுவரை ஓர் இலையில் இதை மாட்டிவையுங்கள்.

ஜெசி


அனுமந்தன்பட்டி
ஜூன் 11

ஜெசிக்கு,

பெட்டி வந்தது. பஸ் பார்சலில் போட்டிருக்கிறாய், உத்தமபாளையத்தில் இறக்கும்போதே ஒரு மூலை நசுங்கியிருந்தது. இப்போதே சொல்லிவைக்கிறேன், நாளைக்கு நான் உடைத்தேன் என்று வரக்கூடாது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. சூளையில் போடலாமென்றுதான் எடுத்துப்போனேன், வழியில் படித்துவிட்டேன்.

கிளிப், துணி என்றெல்லாம் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இந்தக் குடில் போடும்வரை, உத்தமபாளையத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவள் நான். கோட்டுப்படம் வாசிக்கத் தெரியும்.

செடியின் நிலைமை இது. நூல் பிடித்து என் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இலை கரும்பச்சை, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகிச் சுருங்கி அப்படியே நின்றுவிடுகிறது. தேறி வருவது கொஞ்சம்தான். மருந்துக்கடைக்காரர் உரம் போதவில்லை என்றார், கூட்டினேன். பிறகு உரம் அதிகமாகிவிட்டது என்றார், குறைத்தேன். இப்போது என்னைக் கண்டால் கடைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

குடில் ஏன் மூடிக் கிடக்கிறது என்று ஈஸ்டரில் கேட்காமலே தீர்ப்புச் சொன்னாய். போன வருஷம் ஆனியில் மேற்குத் திரையைத் தூக்கி வைத்திருந்தேன். கம்பம் மலை இடுக்கு வழியாக வந்த காற்று உள்ளே புகுந்து, கூரைத் தாளைக் கிழித்துக்கொண்டு போய் அடுத்த தோட்டத்துத் திராட்சைப் பந்தல் மேல் போட்டது. அந்தப் பயத்தில் இந்த வருஷம் முன்னதாகவே நாலு பக்கமும் திரையை இறக்கிக் கட்டிவிட்டேன். கூரையில் உள்ள திறப்பையும் தாள் வைத்து மூடியாயிற்று. மத்தியானம் சூடு தாங்காதபோது மட்டும் ஓர் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, பனி மாதிரி தண்ணீர் தூவும் ஃபாகரைப் போடுவேன்.

கருவியை மாட்டுகிறேன். ஆனால் எண்ணில் என்ன தெரிந்தாலும் முதலில் எனக்குத்தான் எழுத வேண்டும், உன் அண்ணனுக்கு இல்லை. சூளைதான் என்று தெரிந்தாலும் சரி.

என்னோடு வேலை பார்க்கும் ஞானபாக்கியம், கிளிப்பை இலையில் வைக்கும்போது, “எலைக்கு வலிக்காதாக்கா?” என்று கேட்டாள். உன் கம்பெனியில் யாராவது அதை யோசித்தீர்களா?

பிலோமினா


பெங்களூரு
ஜூன் 16

மதினி,

வந்துவிட்டது! உங்கள் வெள்ளரி இலை என் மேசையில் உயிரோடு இருக்கிறது. விடிந்ததும் கோடு மெல்லத் தலை தூக்குகிறது. வெளிச்சம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. நான் பல் துலக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊட்டியில்கூட இவ்வளவு அழகான ஏற்றத்தைப் பார்த்ததில்லை. உங்கள் செடிக்கு ஒரு நோயும் இல்லை. தின்னத் தெரிந்த இலை அது.

ஆனால் காலை ஒன்பது மணியைத் தொட்டதும் கோடு சரிகிறது. வெயில் மேலே போய்க்கொண்டே இருக்கிறது, இலை தின்பது மட்டும் கீழே வருகிறது. தினமும் இதே கதை. மத்தியானம் நடக்க வேண்டியது காலையிலேயே நடக்கிறது. நீங்கள் மத்தியானம் ஓரத்தைத் தூக்கிய பிறகு கொஞ்சம் மீள்கிறது, அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடுகிறது. பிஞ்சுக்குக் கொடுக்கச் செடியிடம் மிச்சமில்லை. அதனால்தான் பிஞ்சு சுருங்குகிறது.

எனக்குச் சூட்டின் மேல்தான் சந்தேகம். காற்று சூடாகிக் காய்ந்தால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். அதனால் எட்டு மணிக்கே நிழல்வலையை இழுத்துவிடுங்கள், ஃபாகரையும் அப்போதே தொடங்குங்கள்.

இன்னொரு கோடும் திரையில் தெரியும், குடிலுக்குள் இருக்கும் காற்றின் கரியமில வாயு. அதைக் கண்டுகொள்ளாதீர்கள். வெளியில் எங்கே வைத்தாலும் நானூறுக்கு மேல் காட்ட வேண்டியது, இருநூறு சொச்சம் காட்டுகிறது. நசுங்கிய மூலையில்தான் அந்த உணரி இருக்கிறது, அடி பட்டிருக்கும். இலை தின்னும் அளவு வேறு கணக்கு, அது கெடாது.

இலைக்கு வலிக்காது என்று ஞானபாக்கியத்திடம் சொல்லுங்கள். நிஜமாகவே இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜெசி


அனுமந்தன்பட்டி
ஜூன் 23

ஜெசிக்கு,

நீ சொன்னபடி எட்டு மணிக்கு வலையை இழுத்தேன், ஃபாகரைப் போட்டேன். குடில் குளிர்ந்தது. ஞானபாக்கியம் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எண் என்ன ஆயிற்று என்று நீயே பார்த்திருப்பாய். முன்பு ஒன்பதுக்குச் சரிந்தது இப்போது எட்டரைக்கே படுத்துவிட்டது. இலையெல்லாம் ஈரம், சாம்பல் நோய் வருமோ என்ற பயம் வேறு. வலையைச் சுருட்டிவிட்டேன். சூடுதான் காரணமென்றால் குளிர்ந்த குடிலில் ஏன் படுக்கிறது? இதற்கு உன் படிப்பில் பதில் இருந்தால் எழுது.

சனிக்கிழமை சுருளிராஜன் வந்தார், மண்டபம் கட்டப்போகிறவர். டேப்பைப் பிடித்துக் குடிலைச் சுற்றி அளந்தார். “சமையக்கட்டு இங்கன வரும், பந்தி அங்கன” என்று என் வெள்ளரிக்கு நேரே கையை நீட்டினார். உன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நல்ல இலையையும் சேர்த்து வெட்டிவிட்டேன், அவ்வளவு கோபம். ஆவணியில் வேலை தொடங்க வேண்டுமாம்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒன்பது மணிக்கு உள்ளே போய் நின்றால் ஒரு மாதிரி அடைத்துக்கொண்டு இருக்கிறது. சூடு வேறு, இந்த அடைப்பு வேறு. வெளியே கூரை படபடவென்று அடித்துக்கொள்ளும் அளவுக்குக் காற்று, உள்ளே ஒரு நூல்கூட ஆடுவதில்லை. உள்ளே காற்று எங்கே நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடப் போகிறேன். எப்படி என்று கேட்காதே, சிரிப்பாய்.

பிலோமினா


பெங்களூரு
ஜூன் 27

மதினி,

வியாழக்கிழமை காலை என்ன செய்தீர்கள்?

ஒன்பதரைக்குக் கோடு வழக்கம்போலப் படுத்துக் கிடந்தது. திடீரென்று எழுந்தது. மெதுவாக இல்லை, எழுந்து நின்றது! கொஞ்ச நேரம் உச்சியில் இருந்துவிட்டுத் திரும்ப இறங்கிவிட்டது. வெளிச்சம் மாறவில்லை, சூடு மாறவில்லை. கருவி தவறு செய்கிறதென்று முதலில் நினைத்தேன். அபிதா மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். “உங்க அண்ணி அங்க என்ன பண்றாங்க?” என்று இரண்டு முறை கேட்டார்.

உங்களுக்கு அடிக்கப் போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் கேட்டால் நீங்கள் சொல்ல வந்ததை நான் பாதியில் வெட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எழுதுங்கள். ஒன்று விடாமல் எழுதுங்கள். கூரியரில் போடுங்கள்.

ஜெசி


அனுமந்தன்பட்டி
ஜூன் 30

ஜெசி,

சாம்பிராணி போட்டேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, கேள். உள்ளே காற்று நகர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் புகை வேண்டும். நற்கருணைப் பவனி முடிந்து சர்ச்சில் கழுவி வைத்திருந்த தூபக்கலசத்தைக் கோயில்பிள்ளை ஜெபராஜிடம் கேட்டேன். “வீட்டுக்குப் புனிதம் பண்ணவாம்மா?” என்றார். “இல்லைங்க, வெள்ளரிக்கு” என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பேய் பிடித்தது எனக்கா செடிக்கா என்று தெரியாமல், கரியும் பற்றவைத்தே கொடுத்துவிட்டார்.

சங்கிலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். பின்னால் ஞானபாக்கியம் பாட்டே பாடத் தொடங்கிவிட்டாள். புகை எழுந்தது, கொஞ்ச உயரம் போய் அங்கேயே நின்றுவிட்டது. இலைகளுக்கு நடுவில் மெத்தை போட்டதுபோலப் படுத்துக்கொண்டது. வெளியே அவ்வளவு காற்று, உள்ளே புகைக்குப் போக வழியில்லை. கை வலித்ததால் கலசத்தை ஒரு கம்பியில் தொங்கவிட்டேன். அது உன் கிளிப் மாட்டிய செடிக்குப் பக்கம். கொஞ்ச நேரத்தில் ஞானபாக்கியம் கத்தினாள்: “அக்கா, பொட்டியில நம்பரு ஏறுதுக்கா! சாமி வந்துருச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். இலை தின்னும் எண் ஏறிக்கொண்டிருந்தது. நீ பார்க்காதே என்று சொன்ன அந்த இன்னொரு எண்ணும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. எரிகிற கரியிலிருந்து என்ன வருமென்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கரியமில வாயு.

உடைந்த உணரி கரியைக் கண்டுபிடிக்குமா? அதோடு, அடிபட்ட உணரி ஏன் தினமும் விடிகாலையில் ஒழுங்காக இருந்து ஒன்பது மணிக்கு மட்டும் கெட்டுப்போகிறது? கலசத்தை வெளியே வைத்துவிட்டு, புகை அடங்கிய பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் திராட்சைப் பந்தலடியில் பிடித்தேன். நானூற்றுச் சொச்சம். உள்ளே வந்தேன், இருநூறு சொச்சம். திரும்ப வெளியே போனேன், நானூறு. இப்படியே நான் உள்ளேயும் வெளியேயும் ஓடியதைப் பந்தலில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உணரி சரியாகத்தான் இருக்கிறது, ஜெசி. காற்றுதான் தீர்ந்துபோகிறது.

பிலோமினா


பெங்களூரு
ஜூலை 3

மதினி! மதினி!

உங்கள் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். மேலே போகப் பொறுமையில்லை. ‘காற்றுதான் தீர்ந்துபோகிறது’ என்ற வரிக்கு வந்ததும் சத்தமாகக் கத்திவிட்டேன், காவலாளி ஓடிவந்தார்.

எல்லாம் பொருந்துகிறது. உங்கள் செடிகள் நன்றாக வளர்ந்து குடிலை நிறைத்துவிட்டன. ராத்திரி அவையும் மண்ணும் மூச்சு விட்டதில் சேர்ந்த கரியமில வாயு விடியும்போது உள்ளே இருக்கிறது. வெளிச்சம் வந்ததும் அத்தனை ஆயிரம் இலைகளும் தின்னத் தொடங்குகின்றன. ஒன்பது மணிக்குள் பாதிக்குப் பாதி காலி. மூடிய குடிலில் புதிதாக வருவதற்கு வழியில்லை. தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, வெயில் கொட்டுகிறது, சாப்பாடு மட்டும் தீர்ந்துவிட்டது. நோயும் இல்லை, சூடும் இல்லை. பசி!

நான் வலையை இழுக்கச் சொன்னேனே, பசித்த செடியிடமிருந்து வெளிச்சத்தையும் பிடுங்கினேன். எட்டரைக்கே படுத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் சாம்பிராணி இனி வேண்டாம். கரிப்புகையில் செடிக்கும் உங்களுக்கும் ஆகாத வாயுக்களும் சேர்ந்தே வரும். நமக்கு வேண்டியது வெறும் காற்று. வெளியே சும்மா வீசிக்கொண்டிருக்கிறதே, அது போதும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மேற்கைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும். மேற்கைத் திறக்கவே வேண்டாம், இன்னும் இறுக்கிக் கட்டுங்கள். கிழக்கை மட்டும் திறங்கள். காற்று கூரைக்கு மேலே ஓடும்போது கிழக்குப் பக்கம் உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கும், கலைந்து சுழன்று புதியது வரும். கூரைத் திறப்பும் கிழக்கைப் பார்த்துத்தானே இருக்கிறது? அதன் தாளையும் எடுத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கே. நீங்கள் இயற்பியல் டீச்சர், அழுத்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், என் வார்த்தையை நம்ப வேண்டாம்.

செய்வீர்களா? அண்ணன் விடுவாரா? நான் திரையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

ஜெசி


அனுமந்தன்பட்டி
ஜூலை 9

ஜெசி,

கணக்குப் போட்டேன். நீ சொன்னது சரி. ஆனால் காகிதத்தில் போடுவது வேறு, கூரைக்கு அடியில் நிற்பது வேறு. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கிழக்குத் திரையை இடுப்பளவு தூக்கினேன், கூரைத் திறப்பின் தாளை மட்டும் எடுக்கவில்லை. உன் அண்ணன் திறக்க வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பாடமெடுக்கப் பள்ளிக்கூடம் போய்விட்டார். மணி ஒன்பதைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. எண் சரியவே இல்லை! ஞானபாக்கியமும் நானும் மாறி மாறிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வேலையே செய்யவில்லை. உனக்கு அங்கே தெரிந்திருக்கும், நீயும் செய்திருக்க மாட்டாய்.

நேற்று காற்று வேறு மாதிரி. காலையிலிருந்தே மலைப்பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. பத்து மணி இருக்கும், மேற்குத் திரையின் அடிக்குழாய் கட்டிய இடத்தில் கயிறு அறுந்தது. திரை படாரென்று மேலே சுருண்டது. அவ்வளவு காற்றும் உள்ளே வந்துவிட்டது. கூரைத் தாள் பலூன் மாதிரி உப்பியது, கம்பங்கள் முனகின. போன வருஷம் கேட்ட அதே சத்தம்.

“ஏ ஆத்தா, கூரை போகப்போகுது! கெழக்க அடைங்கக்கா, அடைங்க!” என்று ஞானபாக்கியம் அலறினாள். நானும் திரையைச் சுற்றும் கைப்பிடியிடம் ஓடினேன், அடைக்கத்தான் ஓடினேன். கையை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக ஒரே வழி கிழக்குதான். அதையும் அடைத்தால் அது கூரையைத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

“அடைக்காத! இன்னும் தூக்கணும்! வந்து புடி!”

“கிறுக்கு புடிச்சிருச்சா உங்களுக்கு!” என்றாள், ஆனால் வந்து பிடித்தாள். இரண்டு பேருமாகக் கிழக்குத் திரையை உச்சிவரை சுற்றிவிட்டோம். கூரை ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. சத்தியமாக, கண் முன்னால் இறங்கியது. காற்று மேற்கே நுழைந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. இலையெல்லாம் கவிழ்ந்து அடித்துக்கொண்டது, நூல்கள் சில அறுந்தன, ஆனால் கூரை நின்றது.

திரும்பிப் பார்த்தால் மேற்குத் திரையடியில் உன் அண்ணன்! இடைவேளையில் காற்றின் சத்தம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அறுந்த குழாயைக் கீழே இழுத்து, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். காற்று அவரையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று பேருமாகக் கட்டி முடித்தோம்.

“ஆவணியில மண்டபம் கட்டப்போற எடத்துக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டேன்.

“அது ஆவணிக்கு. இன்னிக்கி நிக்குதுல்ல, நிக்கட்டும்” என்றார். சட்டை முழுக்கச் செம்மண். அப்படியே பள்ளிக்கூடம் போனார்.

பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். கிளிப் அதே இலையில் இருந்தது. எண்ணும் இருந்தது.

பிலோமினா


பெங்களூரு
ஜூலை 14

மதினி,

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கோடு பைத்தியம் பிடித்ததுபோல மேலும் கீழும் குதித்தது. பிறகு ஒரு வெற்றிடம். கருவி போய்விட்டதென்று நினைத்தேன். அதைவிட, குடில் போய்விட்டதென்று நினைத்தேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கோடு வந்தபோது, இதுவரை இல்லாத உயரத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அந்த வெற்றிடத்துக்குள் நீங்கள் மூன்று பேர் இருந்தது தெரிந்தது. கூரியர்க்காரர் போன பிறகும் கதவைத் திறந்துபோட்டபடியே படித்திருக்கிறேன்.

அபிதா மேடத்திடம் மொத்தத்தையும் சொன்னேன். அந்தக் காற்றிலும் கவ்விக்கொண்டு நின்ற கருவியை அலமாரியில் வைக்க மாட்டார்களாம். அடுத்த வருஷமும் உங்கள் குடிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். உங்கள் பெயரைப் போட்டு அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருஷம் என்றதும் எனக்கு நிலம் ஞாபகம் வந்தது. அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“குத்தகைப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேண்ணே.”

“ஏ ஜெசி, நீதானடி சூளைன்னு சொன்ன? எல்லார் முன்னாலயும் சொன்ன!”

“சொன்னேன். இப்ப இல்லைங்கறேன்.”

“சுருளிராஜனுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். மனுசன் டேப்பு வெச்சு அளந்துட்டுப் போயிருக்காக.”

“மதினி காத்தையே அளந்துட்டாகண்ணே.”

போனை வைத்துவிட்டார். இதுவரை எடுக்கவில்லை. உங்களுக்குப் பதிலாக இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் ஒருவராவது என்னோடு சண்டையில் இருந்தால்தான் எனக்கும் ஊர் ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது.

பிஞ்சு எப்படி இருக்கிறது? அதைச் சொல்லவே இல்லையே! என் கருவிக்கு இலைதான் தெரியும், காய் தெரியாது. சொல்லுங்கள்.

உங்கள்
ஜெசி


அனுமந்தன்பட்டி
ஜூலை 30

அன்புள்ள ஜெசி,

பிஞ்சா! நேற்று கூடைகள் போதாமல் ஞானபாக்கியம் தன் வீட்டுக் குளிக்கும் வாளியை எடுத்துவந்தாள். விரல் நீளத்தில் நின்றுபோனவை எல்லாம் உதிர்ந்துவிட்டன, அதற்கு மேல் கணுவில் பிடித்தவை ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. காலையில் பார்த்த பிஞ்சை மறுநாள் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. நேராக, பளபளவென்று, உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் வருகிறது. தேனிக்கு ஏற்றி அனுப்பியதில் கடைக்காரர் போன் செய்து, இது அதே பழைய தோட்டத்துக் காய்தானா என்று கேட்டார்.

சுருளிராஜன் திரும்பி வந்தார். நான் பயந்துகொண்டே வெளியே வந்தேன். உன் அண்ணன் அவரை உட்காரவைத்து, வெள்ளரியைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். “அண்ணாச்சி, கெணத்து மேட்டுல நம்ம சொந்தக்காரக எடம் ஒண்ணு கெடக்கு, ரோட்டுக்கும் பக்கம். அதப் பாத்தாச்சுன்னா இத விட்டுருவீக” என்றார். அவர் காயைத் தின்று முடித்துவிட்டு, மண்டபத்தில் முதல் பந்திக்கு வெள்ளரிப் பச்சடி நான்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செம்மண் போகாத அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உன் அண்ணன் இப்போது தினமும் காலையில் மேற்குக் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார். அவர் உன் போனை எடுப்பார், இன்னொரு தடவை அடித்துப் பார்.

சின்னமனூரிலிருந்து முத்துராமலிங்கம் என்று ஒருவர் வந்தார். குடைமிளகாய்க் குடில் வைத்திருக்கிறார், பூவெல்லாம் கொட்டுகிறதாம். கிளிப்பை ஒரு நாள் கடன் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. பெட்டியோடு நானே போய், அவர் குடிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திரும்பக் கையோடு எடுத்துவந்தேன். அங்கே காற்று சரியாக இருக்கிறது, வேறு ஏதோ. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இதைக் கேள்.

இந்த மாதம் வானம் தெரியுமே உனக்கு, மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில், நிழல், வெயில், நிழல். மேகம் மறைத்ததும் எண் உடனே விழுகிறது, சரி. மேகம் விலகியதும் உடனே ஏற வேண்டும்தானே? ஏறுவதில்லை. தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி இலை கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் தின்னத் தொடங்குகிறது. அதற்குள் அடுத்த மேகம் வந்துவிடுகிறது! நாள் முழுக்க இப்படி எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்று நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

அதைவிட விசித்திரம் ஒன்று. கிழக்குத் திரையை ஒட்டிய வரிசையில் கிளிப்பை மாட்டினால் இலை சட்டென்று விழித்துக்கொள்கிறது. நடு வரிசையில் மாட்டினால் சோம்பல். ஒரே விதை, ஒரே நாள் நட்டது, ஒரே வெளிச்சம், இரண்டு இடத்திலும் கரியமில வாயுவும் ஒன்றுபோலத்தான் காட்டுகிறது. நான் வரிசை மாற்றி, இலை மாற்றி, நாள் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஏன், ஜெசி? காலையில் சோறு பொங்கி வழிந்தது தெரியாமல் அடுப்படியில் இதையே யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பதில் உனக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து எழுதிவிடாதே, நானே கண்டுபிடிக்க வேண்டும். தெரியாது என்றால் இன்றைக்கே பஸ் ஏறிவிடு. மேகம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும்.

மதினி